கிராஃப்ட் கட்டிங் மெஷின் வாங்கி, வீட்டு ஜாடிகளுக்குத் தமிழிலேயே அழகான லேபிள் செய்ய முடியுமா? செலவுக்குத் தகுமா?

முடியும். நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் செலவுக்குத் தகுமா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறை அலமாரிக்கு முப்பது லேபிள் வேண்டும், அதோடு வேலை முடிந்தது என்றால் மெஷின் வாங்காதீர்கள். உங்கள் ஊர் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் பைக்குக்கு ‘அம்மா ஆசி’ என்று வெட்டித் தருகிறாரே, அவரிடம் இருப்பதும் இதே வேலையைச் செய்கிற, கொஞ்சம் பெரிய மெஷின்தான். எழுத்தையெல்லாம் ‘கர்வ்ஸ்’ ஆக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றி ஒரு பிடிஎஃப் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வெட்டி முடித்துவிடும். ஐந்து இலக்கத்தில் பணம் போட வேண்டியதில்லை.

கொலுவுக்கு, பிறந்தநாளுக்கு, தாம்பூலப் பைக்கு என்று வருடம் முழுக்க எதையாவது ஒட்டிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருக்கிற கை உங்களுடையது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கிடைக்கிற மெஷின்களில் கிரிகட், சிலுவெட் கேமியோ, பிரதரின் ஸ்கேன்என்கட் மூன்றும்தான் அதிகம் பேசப்படுபவை. (கிரிகட்டை ‘கிரிக்கெட்’ என்றே உச்சரிக்க வேண்டும். பார்சல் வந்த அன்று அடுத்த வீட்டுப் பையன் மட்டையோடு வந்து நின்ற தோழி ஒருத்தி இருக்கிறாள்.) ஸ்கேன்என்கட்டில் ஸ்கேனரும் சேர்ந்தே வரும், காகிதத்தில் கையால் எழுதி உள்ளே விட்டால் அந்தக் கையெழுத்தையே வெட்டும். என்னிடம் இருப்பது எது என்று சொல்லப்போவதில்லை, இனி அதைப் பற்றிக் குறைதான் சொல்லப்போகிறேன்.

நான் முதலில் வெட்டிய வார்த்தை சோம்பு. மெஷினோடு வந்த மென்பொருளில் தட்டினேன். திரையில் ‘ச’ தனியாக நின்றது. இரட்டைக் கொம்பு அதன் இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் விழுந்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்தது. வெட்டும்போது சரியாகிவிடும் என்று நினைத்து பட்டனை அழுத்தினேன். அந்தப் புள்ளி வட்டத்தையும் ஒரு புள்ளி விடாமல் மெஷின் விசுவாசமாக வெட்டிக் கொடுத்தது.

காரணம் எளியது. ஆங்கிலத்தில் தட்டுகிற வரிசையிலேயே எழுத்து உட்காரும். தமிழில் கொம்பு முன்னால் வர வேண்டும், கு, டு, மூ எல்லாம் வேறு உருவமே எடுக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் தமிழ் இப்படித்தான் சிதறும். அதனால் அங்கே தமிழைத் தட்டவே தட்டாதீர்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தட்டுங்கள், அது தமிழைச் சரியாகக் கோக்கும். பிறகு பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும். அதை எஸ்விஜி கோப்பாகச் சேமித்து மெஷின் மென்பொருளுக்குக் கொண்டுபோங்கள். இப்போது அது தமிழா, பூனைப் படமா என்று மெஷினுக்குத் தெரியாது, பிரச்சினையும் இல்லை. சிலுவெட்டின் இலவசப் பதிப்பு எஸ்விஜியைத் திறக்காது. அதற்கு டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமிக்க வேண்டும்.

எழுத்துரு தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் மெலிசான எழுத்து அழகாகத் தெரியும். வெட்டப்போகிற வினைலில், அதாவது பின்னால் பசை உள்ள பிளாஸ்டிக் தாளில், அது நூல் மாதிரி சுருண்டு கையோடு வரும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி தடியாக, உருண்டையாக இருக்கும். ஜாடிக்கு என் முதல் தேர்வு அதுதான். கேட்டமரான், முக்த மலர் இரண்டையும் போல்டில் எடுத்தால் நன்றாக வரும். கையெழுத்துச் சாய்வு பிடிக்கும் என்றால் கவிவாணர் இருக்கிறது, ஆனால் பெரிய அளவில் மட்டும்.

அடுத்தது புள்ளி. ஆங்கிலத்தில் லேபிள் செய்து யூடியூபில் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி அவ்வளவாகக் கிடையாது, அவர்களுக்கு ஐ, ஜே இரண்டின் தலையில் மட்டும்தான் புள்ளி. நமக்கு மஞ்சள் தூளில் மூன்று, உளுத்தம்பருப்பில் மூன்று, மல்லித்தூளிலும் மூன்று. எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் என்றால் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அவ்வளவு சின்ன வட்டத்தைக் கத்தி சுற்றி வரும்போதே சில சமயம் வினைல் கிளம்பிவிடும். தப்பினால் அடுத்த கண்டம், வெட்டிய பிறகு வேண்டாத பகுதியை உரிக்கும்போது. மெஷின்காரர்கள் இதை வீடிங் என்பார்கள், களை எடுப்பதுதான். களையோடு பயிரும் வருகிற வேலை இது.

நான் செய்வது இது: இன்க்ஸ்கேப்பிலேயே ஒவ்வொரு புள்ளியின் மேலும் அதைவிடப் பெரிய ஒரு வட்டம் வரைந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒன்றாக இணைக்கும் ‘யூனியன்’ கொடுத்துவிடுவேன். புள்ளி கொஞ்சம் குண்டாகத் தெரியும், பழைய கடைப் பலகை எழுத்து மாதிரி அதுவும் ஒரு அழகுதான். வெட்டும் வேகத்தைக் குறைத்து வைப்பேன். உரிக்கும்போது ஓரத்திலிருந்து, வினைலை மேலே தூக்காமல் தாழ்வாகப் பின்பக்கம் மடக்கி இழுப்பேன். புள்ளி வரும் இடத்தில் ஊக்கு முனையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். கொக்கி மாதிரி கருவி தனியாக விற்கிறார்கள். ஊக்கு போதும்.

புள்ளிக்கு அடுத்த எதிரி சுழி. எண்ணெய் என்ற ஒரே வார்த்தையில் மூன்று சுழி ண இரண்டு தடவை வருகிறது. சுழிக்குள் மாட்டிக்கொண்ட துணுக்குகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பதற்குள் கண் பூத்துவிடும். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பகலில் செய்யுங்கள்.

எந்த வினைல் என்றால், ஜெர்மனியின் ஓராஃபோல் தயாரிக்கும் ஓராகல் 631, 651 இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. 631 மங்கலாக, பளபளப்பில்லாமல் இருக்கும், பின்னால் உரிக்க எளிது. 651 பளபளப்பு, நிரந்தர ஒட்டு. கழுவுகிற ஜாடிக்கு 651தான். புதிதாக வாங்கிய எந்த வினைலிலும் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டிப் பாருங்கள். வினைல் மட்டும் அறுபட்டு அடித்தாள் முழுசாக இருந்தால் கத்தியின் அழுத்தம் சரி.

இனி ஜாடி. நம் சமையலறைக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும், தாளிக்கிற வீடு அல்லவா. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்றால் முதலில் அதன் காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து எடுத்து, மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேயுங்கள். அந்த எண்ணெய் போக சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடை. அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. டிரான்ஸ்ஃபர் டேப்பில் (வெட்டிய எழுத்தை இடம் மாறாமல் தூக்கி ஒட்ட உதவும் டேப்) எழுத்தை எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏடிஎம் கார்டால் தேய்த்து ஒட்டுங்கள். டேப்பைத் தன் மேலேயே மடித்தாற்போல் மெதுவாக உரியுங்கள். மூன்று நாளாவது தண்ணீர் படாமல் வையுங்கள். டிஷ்வாஷர் வேண்டாம்.

ஜாடி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் நேராக வெட்டிய லேபிள் வளைந்து தெரியும். ஒரு காகிதத்தை ஜாடியில் சுற்றி விளிம்பைப் பென்சிலால் வரைந்து விரித்துப் பாருங்கள், அதில் கிடைக்கும் வளைவிலேயே எழுத்தை அமைக்க வேண்டும். ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி பக்கவாட்டிலும் வளைவு, மேலும் கீழும் வளைவு. அதில் கட்டம் கட்டிய பெரிய லேபிள் சுருங்காமல் ஒட்டாது. தனித்தனி எழுத்தாக ஒட்டினால் உட்காரும்.

மூடியில் ஒட்டாதீர்கள். முதல் செட்டை நான் மூடியில்தான் ஒட்டினேன், மேலிருந்து பார்க்கச் சௌகரியமாக இருந்தது. ஒருநாள் எல்லா ஜாடியையும் கழுவிக் கவிழ்த்ததில் மூடிகள் மாறிப்போயின. அன்று சாம்பாரில் ரசப்பொடி விழுந்தது. “எவர்சில்வர் டப்பாவில் பாத்திரக்கடைக்காரர் பேர் வெட்டிக் கொடுத்த காலத்தில், மூடியில் தனியாக, டப்பாவில் தனியாக வெட்டுவார்” என்றார் அத்தை. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். இப்போது ஜாடியின் உடம்பில் மட்டும் ஒட்டுகிறேன். அரைத்த தேதியை அடிப்பக்கம் மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதுகிறேன், அதற்கெல்லாம் மெஷின் எதற்கு?

பூவும் கொடியுமாக வண்ண லேபிள் வேண்டும் என்றால், ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து அதன் ஓரத்தை மட்டும் மெஷினால் வெட்டலாம். தாளின் மூலைகளில் அச்சாகும் கறுப்புக் குறிகளைப் படித்துத்தான் மெஷின் இடம் கண்டுபிடிக்கும். பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டுக் குறி தெரியாமல் தடுமாறும், மேட் தாள் வாங்குங்கள். இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டால் கரைந்து ஒழுகும். லேசர் பிரிண்டில் எடுங்கள், அல்லது மேலே லேமினேஷன் ஒட்டிவிட்டு வெட்டுங்கள்.

பொடி, ஊறுகாய் விற்கும் எண்ணமும் இருந்தால் ஒன்று: அலங்கார லேபிள் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சேர்மானப் பட்டியல், நிகர எடை, தயாரித்த தேதி, சைவம் என்றால் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் என்று இன்னும் பல விவரங்கள் இருந்தாக வேண்டும். அவ்வளவு பொடி எழுத்தை வினைலில் வெட்டவே முடியாது, அச்சுத்தான்.

முதல் லேபிளாகக் கடுகை எடுங்கள். புள்ளியே கிடையாது. அடுத்து மிளகு, அதிலும் இல்லை. பிறகு சீரகம், சோம்பு என்று ஒரு புள்ளிக்குப் போங்கள். மூன்று புள்ளிக்காரர்கள் கடைசியில். எங்கள் வீட்டு மல்லித்தூள் ஜாடியில் ‘ள்’ மேல் இருப்பது இன்றைக்கும் வினைல் இல்லை, மார்க்கர். நான் தொலைத்த புள்ளியைத் தேடித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது அத்தை வைத்தது.