கடைத் திறப்பு

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் நீங்கள் கடை போட்ட கதையை முன்பு எழுதியிருந்தீர்கள். "அன்றைக்குத்தான் நான் யாருக்கும் கீழ்ப்படாத மனிதன் ஆனேன்" என்ற வரியைத் தாளில் எழுதி அலுவலக மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு 41 வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 வருடமாக வேலை. இரவில் வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் மட்டும் முப்பது பேருக்கு மேல் என்னிடம் தைக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு, ஒழுங்கைக்குள் சின்ன இடம் ஒன்று எடுத்து இதையே தொழிலாகச் செய்ய ஆசை. கணவர் மறுக்கவில்லை. மாமிதான், "மாதம் பிறந்தால் வருகிற காசை யாராவது விடுவார்களா" என்கிறார். சொந்தத் தொழிலில் உண்மையிலேயே சுதந்திரம் இருக்கிறதா? உங்களுக்கு என்ன கிடைத்தது?

ஒரு வாசகி, கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தாளை மேசையிலிருந்து கிழித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் கட்டுரையில நான் எங்க?" என்று கேட்டாள். இல்லைதான். 1998இல், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நான் கொமினிகேஷன் கடை போட்டபோது அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்று வருடமும் எங்கள் வீட்டு அரிசி அவள் சம்பளத்தில்தான் வந்தது. யாருக்கும் கீழ்ப்படாத அந்த மனிதன் மாதக் கடைசியில் பஸ் காசுக்கு மனைவியிடம் கை நீட்டினான் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

கொமினிகேஷன் என்றால் இளையவர்களுக்கு விளங்காது. தொலைபேசி, ஃபேக்ஸ், போட்டோ கொப்பி மூன்றும் இருக்கும் சின்னக் கடை. அப்போது வெள்ளவத்தை லொட்ஜுகள் வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்த சனத்தால் நிரம்பியிருந்தன. லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் பேச என்னிடம் வருவார்கள். அங்கேயிருந்து வரும் அழைப்புக்காகக் கதிரையில் காத்திருப்பார்கள். அதற்கும் நிமிடக் கணக்கில் காசு வாங்குவோம்.

நேரச் சுதந்திரம் என்று ஒன்றைச் சொல்வார்கள். நினைத்த நேரம் எழும்பலாம், நினைத்த நேரம் பூட்டலாம். எனக்குக் காலை ஏழரைக்கு ஷட்டர் தூக்கினால் இரவு பத்து மணி. கடைத் திறப்பு என் இடுப்பில் தொங்கியது என்று பெருமையாக எழுதியிருந்தேன், நினைவிருக்கும். நான்தான் அதில் தொங்கினேன். பம்பலப்பிட்டிக்கு பஸ்ஸில் பத்து நிமிடம். அங்கே வரும் ஆடிவேல் திருவிழாவை, கடை நடத்திய இருபத்துநான்கு வருடத்தில் இரண்டு தடவைதான் பார்த்தேன். நேரத்துக்காக வேலையை விடுகிறீர்கள் என்றால் விடாதீர்கள். உங்கள் தொழிலில் இது இன்னும் மோசம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்குத் துணியோடு வந்து, "நாளன்றைக்குக் கலியாணம், அடுத்த நாள் ஃப்ளைட்" என்பார்கள்.

அப்படியானால் என்ன கிடைத்தது? இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

கடை போடுவதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு கம்பனியில் கிளார்க்காக இருந்தேன். ஒரு நாள் மேலாளர் சில பில்களைப் பழைய திகதி போட்டு மாற்றி எழுதச் சொன்னார். எழுதினேன். பயத்தால்கூட இல்லை, சொல்கிறவர் சொல்கிறார், செய்கிறவன் செய்கிறான், அவ்வளவுதான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. கடை போட்டு இரண்டாவது வருடம், பெடியன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்தார். எனக்கு நல்ல வாடிக்கை, என் வாடகையில் பாதி அவருடைய கொப்பிக் காசு. வங்கிக் கணக்குத் தாளில் ஓர் இலக்கத்தை மறைத்து, வேறு இலக்கம் வைத்துக் கொப்பி அடித்துத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். நான் திடீரென்று நல்லவனாகிவிடவில்லை. மேலிருந்து சொன்னார்கள் என்று சொல்ல அந்தக் கடையில் எனக்கு மேலே யாரும் இருக்கவில்லை, மின்விசிறிதான் இருந்தது. அவர் பிறகு வரவில்லை. அந்த மாத வாடகைக்குச் சீட்டுக் காசை எடுத்தேன். என் சீட்டு அல்ல, மனைவியின் சீட்டு.

மற்றது சின்னது. சனிக்கிழமை தோறும் ஓர் அம்மா வருவார். மகன் பாரிஸில் இருந்து எட்டு மணிக்கு எடுப்பான். ஒரு சனிக்கிழமை எடுக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். பதினொன்றரைக்கு மணி அடித்தது. காசு வாங்கவில்லை. இதற்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பனியில் ஒரு கவுண்டரை அரை மணி கூடத் திறந்து வைக்க மூன்று பேரிடம் கையெழுத்து வேண்டும். நான் அனுபவித்த சுதந்திரம் பெரும்பாலும் இந்த மாதிரித்தான் இருந்தது: வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கான சுதந்திரம். சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த இரவை எத்தனை மாதச் சம்பளத்துக்கும் மாற்றமாட்டேன்.

சரி, இனிக் காசு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, கம்பனி 12 சதவீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதியில் போடுகிறது. நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3. வேலையை விட்டதும் சேமலாப நிதியை எடுத்துக் கடை போடலாம் என்று நம்பியிருந்த இரண்டு பேரை எனக்கே தெரியும். பெண்களுக்கு 50 வயதில்தான் அது கைக்கு வரும், ஆண்களுக்கு 55. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ என்றால் 30 சதவீதம் வரை முன்னதாக எடுக்க வழி உண்டு. தையல் மெஷினுக்கு இல்லை. 15 பேராவது வேலை செய்யும் இடம் என்றால் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்கள் 14 வருடத்துக்கு ஏழு மாதச் சம்பளம். அதுதான் உங்கள் முதல். அதைக் கொண்டுபோய்க் கடைச் சொந்தக்காரரிடம் அட்வான்ஸாகக் கட்டிவிட்டால், முதல் மாதமே நூலுக்கும் லைனிங் துணிக்கும் கைமாற்று வாங்க வேண்டி வரும். அப்புறம் உதவிக்கு ஒரு பிள்ளையை வைத்தால் அந்தப் 12உம் 3உம் நீங்கள்தான் போட வேண்டும். ஓர் ஆள்தானே என்று விட முடியாது. பிரதேச செயலகத்தில் தனி ஆளாக வியாபாரப் பெயரைப் பதிந்து நடத்தினால் கடையின் கடன் உங்கள் கடன்தான், உங்கள் தாலிக்கொடி வரைக்கும்.

கெட்ட வருடத்தையும் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசி வந்து என் தொலைபேசிகளைத் தின்றுவிட்டது. போட்டோ கொப்பியும் பைண்டிங்கும் மிஞ்சின. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கடதாசியும் இல்லை, கரண்டும் இல்லை, நான் மெஷினுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பனியில் இருந்திருந்தால் முதலாளியைத் திட்டியாவது பொழுது போயிருக்கும். அந்த வருடமே கடையைக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மாமி சொல்வதில் பாதி சரி. மாதம் பிறந்தால் வருகிற காசை விடலாம், ஆனால் மாதம் ஒரே மாதிரிப் பிறக்காத தொழில் என்று தெரிந்துகொண்டு விட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. ஆவணியில் நிமிர முடியாது. ஆகவே இப்போது கடிதம் கொடுக்காதீர்கள். இந்த ஆடி, வருகிற மார்கழி, இரண்டு மாதத்திலும் எத்தனை சட்டை வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாவாடை, சுரிதார், சாறிக்கு ஃபோல்ஸ் அடிப்பது, பழையதைப் பெருப்பிப்பது என்று அந்த மாதங்களில் எது வருகிறதோ அதுதான் உங்கள் வாடகையைக் கட்டப் போகிறது. கலியாணச் சட்டை அல்ல.

கடிதத்தில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. முப்பது பேர் தைக்கிறார்கள் என்று எழுதினீர்கள், எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. மாடிக் குடியிருப்பு என்றால் எனக்குத் தெரியும். "அக்கா, எங்களுக்குமா காசு?" என்று கேட்டுவிட்டு, தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொண்டு வருவார்கள். அந்த முப்பது பேரிடமும் இந்த மாதமே கடை விலையைச் சொல்லுங்கள். எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். பத்துப் பேர் என்றாலும் பரவாயில்லை, அந்தப் பத்துப் பேர்தான் வாடிக்கை.

என் மனைவி ஒரு துணி எடுத்து வைத்திருக்கிறாள், மகளின் கலியாணத்துக்கு. கோணல் தோள், தைப்பது கஷ்டம் என்று அவளே சொல்லச் சொன்னாள். முழு விலை எவ்வளவு என்று எழுதுங்கள், கொண்டு வருகிறோம்.

அன்புடன்.