விமான பாடி மலிவாக வருகிறதா? முதலில் சாலையை அளந்து பாருங்கள்

கேள்வி: நெடுஞ்சாலையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஏர்பஸ் ஏ320 ஒன்றின் பாடியை வாங்கி வைத்து அதற்குள் உணவகம் நடத்தலாம் என்று அண்ணனும் நானும் யோசிக்கிறோம். தரகர் சொன்ன விலை ஒரு நல்ல கார் விலைதான். இவ்வளவு குறைவாக எப்படிக் கிடைக்கிறது, அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் யோசனை தவறு என்று சொல்லவில்லை. லூதியானாவில் ஏர் இந்தியாவின் பழைய ஏ320 ஒன்றை உணவகமாக்கியிருக்கிறார்கள், இங்கேயும் செய்ய முடியும். ஆனால் நீங்கள் விலை கேட்டிருப்பது இந்த வேலையிலேயே மலிவான பகுதிக்கு மட்டும்.

விமானம் ஓய்வுபெறும்போது அதன் மதிப்பில் பெரும்பகுதி என்ஜின்களில் இருக்கிறது. அடுத்து சக்கரத் தொகுதி, வாலில் இருக்கும் துணை என்ஜின், விமானி அறைக் கருவிகள். இவற்றையெல்லாம் சான்றிதழோடு கழற்றி வேறு விமானங்களுக்கு விற்றுவிடுவார்கள். கடைசியில் நிற்பது அலுமினியக் கூடு. அதைக் காயலாங்கடை எடைக் கணக்கில் போட்டாலும் பெரிய தொகை வராது, வெட்டி அகற்ற ஆள்கூலி வேறு ஆகும், அதனால்தான் யாராவது முழுசாக எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று விலையை இறக்கித் தருகிறார்கள். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று 2020இல் கைமாறிய விலை ஒரே ஒரு பவுண்ட். அதை விருந்துக் கூடமாக மாற்ற ஆன செலவு சுமார் 5 லட்சம் பவுண்ட். இத்தனைக்கும் அந்த விமானம் தானே பறந்து வந்து அங்கே இறங்கியது, சாலையில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை.

உங்களுடையது சாலையில்தான் வரவேண்டும், சிக்கலே அதுதான். ஏ320 பாடியின் நீளம் 37.57 மீட்டர், அகலம் 3.95, உயரம் 4.14. நம் மோட்டார் வாகன விதிப்படி சாலையில் போகும் வண்டியின் அகலம் 2.6 மீட்டர்தான், ஆகவே இது அளவு மீறிய சரக்கு, தனி அனுமதி வாங்காமல் நகர்த்த முடியாது. தாழ்வான டிரெய்லரில் ஏற்றினாலும் தரையிலிருந்து உச்சி வரை ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். புது நெடுஞ்சாலை மேம்பாலங்களுக்குக் கீழே வழக்கமாக 5.5 மீட்டர் இடைவெளி இருக்கும், பழைய பாலங்களிலும் நடைமேம்பாலங்களிலும் அவ்வளவு இருக்கும் என்று நம்ப முடியாது. அதோடு ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, பலகையில் எழுதிய உயரத்தை விட நிஜ உயரம் குறைந்து போயிருக்கும். 2021இல் டெல்லியில் ஏர் இந்தியா விற்ற பழைய விமானம் நடைமேம்பாலத்துக்கு அடியில் மாட்டியது. 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு, உங்களைப் போலவே உணவகத்துக்காகக் கொண்டுபோன பாடி ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் ஒரு சுரங்கப்பாலத்தில் சிக்கியது. 2023 டிசம்பரில் மும்பையிலிருந்து அஸ்ஸாம் போன ஒன்று பீகாரின் மோதிஹாரியில் சிக்கி, டிரெய்லர் டயர்களின் காற்றை இறக்கித்தான் வெளியே எடுத்தார்கள். எல்லாம் செய்திகளில் வந்தவை. வாங்கியவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை, வழியில் ஒரே ஒரு பாலம் கணக்கில் தப்பினாலே போதும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். அளவு மீறிய சரக்கை ஏற்றிப் பழகிய ஒரு போக்குவரத்துக்காரரைப் பிடித்து, விமானம் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் நிலம் வரை ஒவ்வொரு பாலத்தையும் மின்கம்பியையும் சுங்கச்சாவடியையும் அவரையே நேரில் போய் அளக்கச் சொல்லி, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். இதற்குப் பணம் கேட்பார், கொடுங்கள். மொத்தத்திலும் பயனுள்ள செலவு இதுதான்.

'முழுசாக வராது, துண்டாக வெட்டித் தருகிறோம்' என்று விற்பவர் சொன்னால் எங்கே வெட்டுவார் என்று கேளுங்கள். தொழிற்சாலையில் பாடியைத் தனித்தனிப் பகுதியாகச் செய்து ரிவெட் அடித்து இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பிலேயே ரிவெட்டைத் துளைத்து எடுத்துப் பிரித்தால் திரும்பச் சேர்ப்பது சுலபம். இயந்திரத்தை வைத்துக் கண்ட இடத்தில் அறுத்துத் தந்தால், சேர்த்த பிறகு மழைத்தண்ணீர் இறங்கும், தளர்ந்த தளத்தை நிமிர்த்தவே ஒரு பட்டறை வேண்டும். தாங்கிகளையும் முன்கூட்டியே யோசியுங்கள், சக்கரங்கள் போன பின் பாடியை வலுவான சட்டங்கள் இருக்கும் இடங்களில்தான் நிறுத்த வேண்டும், கான்கிரீட்டில் பிணைக்கவும் வேண்டும். என்ஜினும் எரிபொருளும் இல்லாத கூடு அதன் அளவுக்கு மிகவும் லேசு, புயல் காற்று அதை நிற்க விடாது.

அடுத்து காகிதங்கள். விமானங்கள் பல குத்தகைக்கு எடுத்தவை, பக்கத்தில் பெயர் எழுதிய நிறுவனம் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று இல்லை. உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற தொடர் ஆவணம், டிஜிசிஏ (விமானங்களைப் பதிவு செய்யும் அரசுத் துறை) தரும் பதிவு நீக்கச் சான்று, ஜிஎஸ்டி ரசீது, சுங்கத்திலும் விமான நிலையத்திலும் பாக்கி இல்லை என்ற கடிதம், இவ்வளவும் கேளுங்கள். நிறுத்தக் கட்டணம் சும்மா ஏறிக்கொண்டே போகும் விஷயம். கொல்கத்தாவில் ஏர் இந்தியாவின் போயிங் 737-200 ஒன்று பத்தாண்டுக்கு மேல் நின்று கட்டணம் ஏறி, 2025இல்தான் சாலை வழியாகப் பெங்களூருக்குப் பராமரிப்புப் பயிற்சிக்காகப் போனது. பாடியோடு சேர்த்து அப்படி ஒரு பாக்கியும் உங்கள் தலையில் வந்து விழக்கூடாது.

இன்னும் ஒன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பச்சை மஞ்சள் நிற அடிப்பூச்சில் குரோமேட் என்ற வேதிப்பொருள் இருக்கும், அதைத் தேய்த்தால் பறக்கும் தூசி புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. வேலைக்கு வரும் பையன்களிடம் உப்புத்தாளைக் கொடுத்துத் தேய்க்க விடவே கூடாது, முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் தெரிந்த ஆட்களும் வேண்டும். அவசர ஆக்ஸிஜன் உருளைகளும் ஹைட்ராலிக் திரவமும் முழுதாக எடுக்கப்பட்டதா என்று எழுதி வாங்குங்கள். சுவருக்குள் இருக்கும் பஞ்சு மெத்தைகள் ஈரம் பிடித்து வைத்திருக்கும், கழிப்பறையும் சமையல் பகுதியும் இருந்த இடத்தின் தரைக்குக் கீழேதான் துரு முதலில் வரும், அங்கே பலகையைத் தூக்கிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். சமையலை உள்ளே வைக்க வேண்டாம், உள் அகலம் 3.7 மீட்டர்தான், அடுப்பைத் தனிக் கட்டடத்தில் வைத்துப் பரிமாறுவதை மட்டும் உள்ளே செய்யுங்கள். தீயணைப்புத் துறையின் அனுமதிக்கும் அதுவே நல்லது. பழைய குளிரூட்டி என்ஜின்களையும் துணை என்ஜினையும் நம்பி இருந்தது, ஆகவே ஏசி முழுக்கப் புதிதாகப் போடவேண்டும், சித்திரை வெயிலில் அந்த அலுமினியம் எப்படிக் கொதிக்கும் என்பதைக் கணக்கில் வைத்து.

கேள்வி: வெளிநாட்டில் விமானத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்களாமே? வீடு கட்டுவதை விட இது மலிவா?

பதில்: ஒருவருக்கு மலிவாக அமைந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் பெனாய்ட்டில் ஜோஆன் அஸ்ஸரி என்பவர், பனிப்புயலில் வீடு போனபிறகு, ஒரு போயிங் 727ஐ 2,000 டாலருக்கு வாங்கினார். கொண்டுவர 4,000, சீரமைக்க 24,000, எல்லாம் சேர்த்து 30,000 டாலர். விமானி அறையில் குளியல் தொட்டி வைத்தார். 1995 முதல் 1999 வரை அதில் வாழ்ந்தார், பிறகு காட்சிக்காக வேறு இடத்துக்கு ஏற்றிச் சென்றபோது லாரியிலிருந்து விழுந்து பழுதாகிவிட்டது. அங்கேயும் ஆபத்து சாலையில்தான்.

அமெரிக்காவிலேயே ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ பக்கத்துக் காட்டில் இருக்கும் புரூஸ் கேம்ப்பெலின் 727 வேறு கதை. 1999இல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கினார், மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரம் ஆனது. முன்பு ஒலிம்பிக் ஏர்வேஸிடம் இருந்த விமானம் அது, 1975இல் கப்பல் அதிபர் ஒனாசிஸின் உடலை ஏற்றிச் சென்றதும் இதுவே. பாகங்களைக் கழற்ற ஒரு பழைய இரும்பு நிறுவனத்தை அமர்த்தியது தவறு என்று அவரே சொல்லியிருக்கிறார். உட்புறமும் குழாயும் விளக்கும் வேலை செய்யும் நிலையில் இருக்கும் விமானத்தை வாங்கினால் பாதி வீடு தயாராகவே வந்துவிடும், எல்லாவற்றையும் உரித்த பிறகு வாங்கினால் நீங்களே போட வேண்டும். என் கருத்தும் இதுதான், உரித்த கூட்டுக்கு ஒரு விலை, உட்புறத்தோடு ஒரு விலை என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள். குடும்பத்தோடு நிரந்தரமாக இருக்க நம் வெயிலில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், வாடகை அறையாக என்றால் சரி. ஸ்டாக்ஹோம் அர்லாண்டா விமான நிலையத்தில் 1976இல் செய்த ஒரு 747ஐ 2009இல் விடுதியாகத் திறந்தார்கள், என்ஜின் கூடுகளுக்குள்ளும் அறை போட்டார்கள்.

கேள்வி: நிஜ விமானத் தகட்டில் செய்த சாவிக்கொத்து என்று இணையத்தில் விற்கிறார்கள். அப்பாவுக்குப் பரிசாக வாங்க நினைக்கிறேன். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உண்மையானவை நிறைய இருக்கின்றன. ஜெர்மனியின் ஏவியேஷன்டாக், அமெரிக்காவின் மோட்டோஆர்ட் இரண்டும் இதைத் தொழிலாகவே செய்கின்றன. தகட்டில் எந்த விமானம் என்று பதிவெண் அச்சிட்டிருக்கும், அதை இணையத்தில் தேடினால் அந்த விமானம் எந்த நிறுவனத்தில் பறந்தது, எப்போது ஓய்வுபெற்றது என்பது வந்துவிடும். இன்னும் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் எண் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். வெறும் 'விமான அலுமினியம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அதே ரக உலோகம் என்றுதான் பொருள், அது பறந்ததே இல்லை. நிஜத் தகட்டில் வண்ணம் ஒரே சீராக இருக்காது, கீறலும் இருக்கும், அதைக் குறை என்று திருப்பி அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும்போது அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து சாவிக்கொத்தின் விலையை நெருங்கிவிடலாம், பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள். அப்பா ஒருகாலத்தில் பயணம் செய்த நிறுவனத்தின் விமானமே கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: பழைய விமான இருக்கை, மூன்று சேர்ந்தது, விலைக்கு வருகிறது. வீட்டு வராந்தாவில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அப்படியே வைத்தால் நிற்காது. அதன் கால்கள் விமானத் தரையில் ஓடும் தண்டவாளத்தில் பூட்டுவதற்காகச் செய்தவை, சமதரையில் ஆடும், யாராவது வேகமாகச் சாய்ந்தால் பின்னால் கவிழும். வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் ஒன்று செய்து அதில் பூட்டுங்கள், அந்தக் கூலியையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். சாயும் பொத்தான் மூன்றிலும் வேலை செய்கிறதா, பெல்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உறையைத் துவைக்கக் கழற்றினால் உள்ளே நெருப்பைத் தடுக்கும் ஒரு அடுக்குத் துணி இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.