குப்பை கேற்றைத் தாண்டி வருமுன்: வன்னி வீடுகளுக்கு ஒரு பிளாஸ்டிக் கேள்வி பதில்

பிளாஸ்டிக்கைக் குறைக்க விருப்பம்தான், ஆனால் எங்கள் ஊருக்கு எது ஒத்துவரும் என்று பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள், இப்போது ஊர்ப் பெண்களோடு சேர்ந்து குப்பை பிரிக்கிறவள் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூங்கில் பிரஷ், கண்ணாடி ஸ்ட்ரோ போன்ற சாமான்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. காசு கொடுத்துப் புதுச் சாமான் வாங்கித்தான் குப்பையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ரீச்சர், எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் வாளி, பெட்டி எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா? (கிளிநொச்சி)

ஐயோ, வேண்டாம் தங்கச்சி. இருக்கிற வாளியை உடையும் வரை பாவியுங்கள். தூக்கிப் போட்டால் அதுவும் குப்பைதான்.

ஒரு கிழமைக் குப்பையில் உக்காததை மட்டும் ஒரு பழைய உரப்பையில் சேர்த்து, பிறகு முற்றத்தில் கொட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் குவியலின் பெரிய பங்கு சொப்பிங் பையாக இருக்கும். அடுத்தது சோறு கட்டுகிற பொலித்தீன் தாளான லன்ச் சீற், அதற்குப் பிறகு பிஸ்கட் உறையும் யோகட் கப்பும். நான்கைந்து சாமான்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எல்லாவற்றோடும் மல்லுக்கட்டாமல் முதலாவதை மட்டும் பிடியுங்கள்.

சொப்பிங் பைக்கு மருந்து துணிப்பை என்பது எல்லோருக்கும் தெரியும். அது வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க நாங்கள் கடையில் நிற்பதுதான் பிரச்சினை. ஒரு பையை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் மடித்து வையுங்கள், இன்னொன்றைச் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிவிடுங்கள். கழுவினால் காய்ந்தவுடன் அதே இடத்துக்குப் போக வேண்டும். சந்தைக்கு நடந்து போகிறவர்களுக்குப் பன் புல்லில் பின்னிய பையோ பனையோலைக் கூடையோ இன்னும் நல்லது, தக்காளி நசியாது. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தரவும் இருக்கிறது. அந்தச் சில ரூபாய் பலருக்கு ஞாபகசக்தியைக் கூட்டியிருக்கிறது.

முற்றம் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பது அம்மம்மா காலத்துப் பழக்கம். பிளாஸ்டிக்கும் அதோடு எரிந்து சாம்பலாகிவிடுகிறதே, இதில் என்ன பிழை? (புதுக்குடியிருப்பு)

அம்மம்மா எரித்தது வேப்பஞ் சருகும் மாவிலையும். உங்கள் குவியலுக்குள் இருப்பது வேறு சாமான்.

முற்றத்து நெருப்பு கொழுந்துவிட்டு எரிவதில்லை, புகைந்து புகைந்துதான் எரியும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் முழுதாக எரியாது. புகைக்கரியும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் வெளியே வரும். பிவிசி குழாய்த் துண்டு, வயர் உறை போன்றவற்றில் குளோரீன் இருக்கிறது. அவை சேர்ந்து புகைந்தால் டயொக்சின் உண்டாகும். புற்றுநோயை உண்டாக்கக் கூடிய நஞ்சு அது. கொழுப்பில் போய்த் தங்குவது அதன் குணம். புகை படிந்த புல்லை மேய்கிற மாட்டின் பாலுக்கும், சாம்பல் கிடந்த நிலத்தைக் கிளறித் தின்கிற ஊர்க்கோழியின் முட்டைக்கும் வந்து சேரும். அந்தச் சாம்பலைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தூவுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். விறகுச் சாம்பல் வேறு, இது வேறு.

2017 செப்டெம்பரில் பொலித்தீன் தடைகளோடு சேர்த்து, பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதையும் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் வளவுக்கு வளவு பொலிஸ் வந்து நிற்கப் போவதில்லை, பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். கூட்டுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, பொலித்தீனைக் கையால் பொறுக்குங்கள். தும்புத்தடி பட்டுச் சருகோடு கலந்துவிட்டால் பிறகு யாரும் பிரிக்க மாட்டார்கள். குசினிப் பின்கதவில் அதற்கென்று ஒரு உரப்பையைத் தொங்க விடுங்கள். சருகு தென்னைக்கும் வாழைக்கும் அடியில் போகட்டும். வன்னிக் கோடையில் மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைக்க அதைவிட மலிவான வழி இல்லை, அதைப் போய் எரிக்கிறோமே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரியில் விறகு ஈரமென்று சொப்பிங் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முகத்தை அடுப்புக்குள் விடாத குறையாக ஊதுகிற நேரத்தில் அந்தப் புகை நேராக நெஞ்சுக்குள் போகும். பன்னாடை, காய்ந்த பாளை, பொச்சு, ஊமல் இவற்றை மழைக்கு முன்னரே சேர்த்து அடுப்புக்கு மேலே பறணில் போட்டு வைத்தால் மார்கழியிலும் ஒரு குச்சியில் பற்றும்.

அக்கா, இவர் மேசன் வேலைக்குப் போகிறவர். வாழையிலையில் சோறு கட்டினால் கிழிந்து குழம்பு ஒழுகுகிறது, அதனால் லன்ச் சீற்தான். வேறு வழி? (பரந்தன்)

பச்சையாகக் கட்டினால் கிழியத்தான் செய்யும். நடுத்தண்டின் முதுகைக் கத்தியால் சீவி மெல்லிதாக்குங்கள். பிறகு இலையைத் தணலுக்கு மேலே மெல்ல இழுத்து எடுங்கள். வெளிர்ப்பச்சை கரும்பச்சையாகி, மேலே ஒரு மினுக்கம் ஓடும். அப்போது எடுத்துவிட வேண்டும், ஒரு நொடி கூடினாலும் கருகும். வாட்டிய இலை துணி மாதிரி வளையும். சின்ன இலை ஒன்றைக் குறுக்கே உள்ளே வைத்து, சோற்றை நடுவில் குழித்து, பருப்பையும் கறியையும் அந்தக் குழிக்குள் விட்டு மடியுங்கள். வெளியே ஒரு பேப்பர், வாழைநார்க் கட்டு. தண்ணிக் குழம்பு மட்டும் மூடியுள்ள சின்னப் போத்தலில் தனியாகப் போகட்டும்.

குளத்தோரத்தில் இருப்பவர்களுக்குத் தாமரை இலை இருக்கிறது. வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தினமும் இலைக்கு அலைய முடியாவிட்டால் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அவர் அதைத் தூக்க வெட்கப்பட்டால், வேலைத்தளத்தில் அவர் ஒருவர் தொடங்கட்டும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

கடையில் 'உக்கும் லன்ச் சீற்' என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா? (மாங்குளம்)

சில வகை, துண்டு துண்டாக உதிருமே தவிர உக்காது. உண்மையாக உக்குகிற வகைகளில் பலவற்றுக்கும் 60 பாகை செல்சியசுக்குக் கிட்டிய சூடுள்ள பெரிய கூட்டெருக் களம் வேண்டும். உங்கள் குப்பைக்கிடங்கு அவ்வளவு சுடாது. இலை கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்குக் காசு கொடுப்பானேன்?

மீன் வாங்கும்போது என்ன செய்வது? துணிப்பையில் போட முடியாதே. (முல்லைத்தீவு)

பழைய ஐஸ்கிறீம் பெட்டி, அல்லது மூடியுள்ள சின்ன வாளி. தராசில் முதலில் வெறும் பெட்டியை வைத்து நிறுக்கச் சொல்லுங்கள், வாக்குவாதம் வராது. பனையோலை உமலில் மீன் வாங்கிய ஆட்கள்தானே நாங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை, சிறுநீரக நோய்ப் பயம் வேறு. போத்தல் தண்ணீரை விடச் சொல்கிறீர்களா? (வவுனியா வடக்கு)

இல்லை அண்ணை, குடிதண்ணீரில் விளையாட வேண்டாம். இந்த நோய் ஏன் வருகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, அதனால் சுத்திகரித்த தண்ணீரே நல்லது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தண்ணீரில் கரைந்திருக்கிற புளோரைட்டு போகாது, வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

குறைக்க வேண்டியது ஒரு லீற்றர், அரை லீற்றர்ப் போத்தல்களைத்தான். ஊரில் வடிகட்டிய தண்ணீர் நிரப்பித் தருகிற இடத்தில் பெரிய கானில் எடுங்கள். கானை வெயிலில் வைக்காதீர்கள். பாசி பிடித்தால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சத் தண்ணீரும் விட்டுக் குலுக்கிக் கழுவலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எவர்சில்வர்ப் போத்தல். சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், அது அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதில்லை.

கோயில் திருவிழா, அன்னதானம் முடிந்தால் வீதி முழுக்கக் கப். நிர்வாகத்துக்கு என்ன சொல்லலாம்? (துணுக்காய்)

சட்டத்தையே சொல்லலாம் தம்பி. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ தடை. பிளாஸ்டிக் பூமாலையும் இடியப்பத் தட்டும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. விழாக்களில் பொலித்தீன் தோரணம் 2017இலேயே தடை; தென்னோலை இருக்க அதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. கடதாசிக் கப் என்றால் சரி என்று நினைக்க வேண்டாம், உள்ளே மெல்லிய பொலித்தீன் பூச்சு உண்டு. எவர்சில்வர் தம்ளர்களைக் கோயில் பொதுவில் வாங்கி வைத்தால் ஊர்க் கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் அதுவே போகும். கழுவ ஆள் வேண்டுமே என்பார்கள். வீதி பொறுக்கவும் ஆள் வேண்டும்தானே.

கிடக்கிற கப்புகளில் மழைத்தண்ணீர் நின்றால் ஒன்றரைக் கிழமைக்குள் டெங்கு நுளம்பு பறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிர்வாகம் சட்டத்துக்கு அசையாவிட்டாலும் காய்ச்சலுக்கு அசையும்.

அம்மா, பூச்சிமருந்துப் போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய் வைக்கலாமா? வயல் வரம்பில் நிறையக் கிடக்கிறது. (விசுவமடு)

எதையும் வைக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் போகாது, பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். போத்தல் முடிந்தவுடன் மூன்று தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவித் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். மருந்தும் வீணாகாது, வாய்க்காலும் நஞ்சாகாது. பிறகு அடியில் ஓட்டை போட்டுத் தனிப் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

வரம்பில் சாப்பிட்டுவிட்டு எறிகிற லன்ச் சீற்றும் கவனம். உப்புக்கும் குழம்பு மணத்துக்கும் மாடு அதை அப்படியே விழுங்கும். அது சமிபாடு அடையாது, முதல் இரைப்பையில் சேர்ந்து சேர்ந்து பந்தாகும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், ஆனால் மாடு மெலிந்துகொண்டு போகும்.

பிள்ளைக்குப் பம்பஸ் இல்லாமல் முடியாது. என்னைத் திட்டுவீர்களா? (கனகராயன்குளம்)

திட்ட மாட்டேன். கைக்குழந்தையோடு ராத்திரி படும் பாடு எனக்கும் தெரியும். பகலில் வீட்டில் இருக்கும்போது துணி, இரவுக்கும் பயணத்துக்கும் பம்பஸ் என்று பிரித்தாலே பாதி குறையும். எரிக்க வேண்டாம், கிணற்றுப் பக்கம் புதைக்கவும் வேண்டாம். சுற்றிக் கட்டிப் பிரதேச சபை வண்டியில் கொடுங்கள்.

பிரித்துச் சேர்த்த பிளாஸ்டிக்கை யார் எடுப்பார்கள்? பிஸ்கட் உறையைப் போத்தலுக்குள் அடைத்துக் கல்லாகப் பாவிக்கலாம் என்கிறார்களே? (மாந்தை கிழக்கு)

போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1, 2, 5 என்றால் விலை போக வாய்ப்பு உண்டு. பழைய இரும்பு எடுக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். கழுவிக் காய வைத்து, மூடியைத் தனியாக்கி, போத்தலை மிதித்துத் தட்டையாக்கிக் கொடுத்தால் அவருக்கும் சுமை குறையும். பிஸ்கட் உறை, பால்மாப் பை இவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றாக ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க முடியாததால் யாரும் வாங்குவதில்லை.

போத்தல் கல் செய்யலாம், ஆனால் வெயில் படுகிற பூப்பாத்திக்கு வேண்டாம். நாள் போகப் போகப் போத்தல் நொறுங்கி உள்ளே அடைத்தது எல்லாம் மண்ணில் கொட்டும். களிமண்ணோ சீமெந்தோ பூசி மூடுகிற திண்ணைக்கென்றால் சரி. பிஸ்கட்டை, நிறுத்துக் கொடுக்கிற பேக்கரியில் பேணி கொண்டுபோய் வாங்குவது அதைவிட இலகு, விலையும் பெரும்பாலும் குறைவு.