கோழி பிடிக்கும் நாயை யாருக்குக் கொடுப்பது? கேள்வி பதில்

சிப்பிப்பாறை, கன்னி என்ற நம்மூர் வேட்டை நாய்களை வளர்ப்பவன், வளர்க்க முடியாதவர்களின் நாய்க்கு வேறு வீடு பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோழி வழக்குதான்.

காட்பாடி: எங்கள் சிப்பிப்பாறை பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகளைக் கொன்றுவிட்டது. பிள்ளைகளிடம் சாது. ஆனால் அடுத்து பிள்ளையைக் கடிக்கும் என்று மாமியார் பயப்படுகிறார்.

முதலில் கோழிக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கோழியைப் பிடிப்பது ஒன்று, ஆளைக் கடிப்பது வேறு. கோபத்திலோ பயத்திலோ கடிக்கிற நாய் பெரும்பாலும் முன்கூட்டியே உறுமும், பல்லைக் காட்டும். வேட்டையில் அந்தச் சத்தம் இருக்காது. காது நிமிரும், உடம்பு விறைக்கும், பார்வை ஒரே இடத்தில் நிற்கும், அடுத்து பாய்ச்சல்தான். ஓடுவதைக் கண்ணால் பார்த்து விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் இது. அதனால் கோழியைக் கொன்ற நாய் பிள்ளையைக் கடிக்கும் என்று அர்த்தமில்லை. தவழ்கிற குழந்தையை மட்டும் இந்த நாயோடு, ஏன், எந்த நாயோடும் தனியாக விடாதீர்கள்.

குடியாத்தம்: செத்த கோழியைக் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்கிறார்கள். கறி போடுவதை நிறுத்தச் சொல்கிறார்கள். கருத்தடை செய்தால் அடங்குமா?

மூன்றுமே உதவாது. கழுத்தில் கட்டினால் நாற்றமும் ஈயும்தான் மிச்சம். தயிர்சாதம் மட்டும் தின்கிற நாயும் கோழி ஓடினால் துரத்தும், ஏனென்றால் அது பசியால் துரத்தவில்லை. கருத்தடையும் இந்தக் குணத்தைக் குறைக்காது. ஆனாலும் செய்யுங்கள், காரணம் ஆம்பூர்க்காரருக்கான பதிலில் இருக்கிறது.

சத்துவாச்சாரி: வாடகை வீடு மாறுகிறோம். ஒடுகத்தூர் பக்கம் சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே விட்டால் சுதந்திரமாக ஓடுமே?

எல்லோரும் முதலில் சொல்வது இந்தத் தோப்புதான். இந்த மாதிரி நாய்க்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தோப்பில் கோழி மேயும், பக்கத்துக் கொல்லையில் ஆட்டுக்குட்டி துள்ளும், மலையடிவாரம் என்றால் முயலும் மயிலும் வரும். ஓர் ஆட்டுக்குட்டி போனால் போதும், அப்புறம் பம்புசெட் கொட்டகையில் ஆயுசுக்கும் சங்கிலிதான். இல்லாவிட்டால் யாராவது சோற்றில் மருந்து கலந்து வைப்பார்கள். மயில் மேல் பாய்ந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் போகும், சித்தப்பா வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் தேடுவது டவுன் வீடு. ஆறடி காம்பவுண்டு, எப்போதும் பூட்டுகிற கேட், கோழி பூனை இல்லாத தெரு, காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்த ஓர் ஆள். நாயின் ஓட்டத்துக்கு, சுற்றுச்சுவர் உள்ள காலி மனை வாரத்தில் சில நாள் கிடைத்தால் போதும். மீதி நேரமெல்லாம் இந்த நாய்கள் படுத்துத் தூங்கும், பலர் நம்புவதில்லை.

ஆம்பூர்: ஒருவர் நல்ல விலை தருகிறார். "முயல் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

கொடுக்காதீர்கள். முயல் வேட்டை சட்டவிரோதம், நாயை விட்டு விரட்டுவதும் அதில் சேர்த்தி. அடிபட்ட நாயை அவர் டாக்டரிடம் கொண்டுபோவார் என்றும் நான் நம்பவில்லை. இன்னொரு ஆள் குட்டி போடவைத்து விற்பதற்காகவே கேட்பார். அதனால்தான் கருத்தடை செய்த பிறகு கொடுங்கள் என்கிறேன். அப்படிச் சொன்னதும் இந்த இரண்டாவது ஆள் போனையே எடுக்க மாட்டார்.

ராணிப்பேட்டை: கோழி கொன்றதைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?

சொல்லாமல் கொடுத்தால் ஒரு மாதத்தில் திரும்பி வரும், அல்லது உங்களுக்குத் தெரியாமல் தெருவுக்குப் போகும். எதை, எப்போது, எத்தனை அடி தூரத்தில் பார்த்துத் துரத்தியது, கூப்பிட்டால் நின்றதா, எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையும் கூட. அவர்கள் வீட்டை நேரில் பாருங்கள், சுவரைச் சுற்றி நடந்து பாருங்கள். "முடியவில்லை என்றால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

கழுத்துப்பட்டையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்து தடிமன். சாதாரணப் பட்டை பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். நீளக் கயிற்றைப் பட்டையில் மாட்டி ஓடவிடாதீர்கள், வேகத்தில் கயிறு முடிகிற இடத்தில் கழுத்து அடிபடும். அதற்கு நெஞ்சுவார் வேண்டும்.

வாணியம்பாடி: கூடவே வளர்ந்த பூனையை எங்கள் நாய் ஒன்றும் செய்யாது. பூனை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அது உங்கள் பூனையைத்தான் குடும்பம் என்று நினைக்கிறது, பூனை இனத்தையே அல்ல.

பாகாயம்: ஆள் கிடைக்கவில்லை. பாலாற்றுப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது. பட்டினியில் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட. ஆள் கிடைக்கும் வரை வாய்மூடியும் கயிறும் வைத்து ஓட்டுங்கள். வாய்மூடி கூடை மாதிரி இருக்கட்டும், அதில்தான் நாய் மூச்சிரைக்க முடியும்.

ஆற்காடு: புது வீட்டில் ஏங்கிப்போகாதா? நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

ஏங்கும். பயம் தெளிய சில நாள், வீட்டு நடைமுறை பிடிபட சில வாரம், முழுசாக ஒட்டிக்கொள்ள சில மாதம் ஆகும். முதல் ஒரு மாதம் போகாதீர்கள், போனில் விசாரியுங்கள். பழைய படுக்கைத் துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். தண்ணீரையே தொடவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.