சாயத்தண்ணியும் சீட்டும் – கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்,

திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல சுத்திகரிப்பு பிளாண்ட் பாத்துக்கற வேலைங்க எனக்கு. மழை பேஞ்சா ராத்திரி டேங்க் தண்ணிய ஓடைல தொறந்து விடச் சொல்றாங்க, காலைல லாக் புக்ல அவங்க சொல்ற ரீடிங்க எழுதி நான் கையெழுத்து போடோணும். ஓனர் நல்ல மனுசனுங்க, பாப்பா ஆபரேசனுக்கு கேக்காமயே பணம் கொடுத்தாரு. "கலர் எடுத்துட்டுத்தானப்பா விடறோம், யாரு விடல"ங்கறாரு. வீட்டுல சொன்னா வீட்டு லோன யாரு கட்டறதுன்னு அழுகறா. சபைல ஒரு அண்ணன், உபவாசம் இருந்து ரெண்டு சீட்டு எழுதி பைபிளுக்குள்ள வெச்சு ஒண்ண எடுங்க, தேவசித்தம் தெரிஞ்சுரும்னாரு. மாசக்கணக்கா ஜெபம் பண்றேன், பதிலே வரலைங்க. சீட்டு போடட்டுங்களா?

– ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி,

சீட்டு வேண்டாங்க. பெருந்துறைல ஒரு வேலை, கோயமுத்தூர்ல ஒரு வேலை, ரெண்டும் நல்ல வேலை, எதுக்குப் போறதுன்னு தெரியலைன்னா உக்காந்து ஜெபம் பண்ணி கேக்கலாம், பெரியவங்க ரெண்டு பேர்த்தக் கேக்கலாம், காத்திருக்கலாம். ஆனா பொய்க் கணக்குல கையெழுத்து போடலாமா வேண்டாமான்னு கேக்கறதுக்கு கர்த்தர் யாத்திராகமம் 20லயே, பத்துக் கட்டளைல பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு, பதில் சொல்லிட்டாருங்க. நீதிமொழிகள் 11:1ல "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு இருக்கு, உங்க லாக் புக்கும் ஒரு தராசுதான். நியாயாதிபதிகள் 6ல கிதியோன் ராத்திரி ஆட்டுத்தோல வெளிய போட்டு, பனி அதுமேல மட்டும் எறங்கோணும்னு அடையாளம் கேட்டாரேன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அவருகிட்ட கர்த்தர் "நான் உன்னோட இருப்பேன், போ"ன்னு ஏற்கனவே பேசிட்டாரு, அதுக்கு அப்பறமும் பயத்துல கேட்டதுதான் அந்தத் தோலு. கர்த்தர் பொறுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான், அத நாம ஒரு முறையாவே ஆக்கிட்டோம்.

உங்க கடிதத்துல என்னைய ரொம்ப யோசிக்க வெச்சது லோன் இல்லைங்க, ஓனரோட நல்ல மனசுதான். மெரட்டற முதலாளிய எதுத்து நிக்கறதுக்கு ஒரு வேகம் வந்துரும், நம்ம புள்ளைய காப்பாத்துன மனுசன் முகத்தப் பாத்து முடியாதுங்கன்னு சொல்றதுக்கு நாக்கே வராது. கர்த்தர் சொன்னத மீறுன சவுல், ராஜாவா இருந்தும் 1 சாமுவேல் 15ல "நான் ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன்"னு சாமுவேல் தீர்க்கதரிசிகிட்ட ஒத்துக்கறாரு, அந்த ஜனங்க ஒண்ணும் அவருக்கு எதிரிங்க இல்ல, அவருகூட சேந்து சண்ட போட்டவங்க. நம்மள திருப்பி விடறது பாதி நேரம் நமக்கு வேண்டியவங்கதான். பாப்பாவுக்கு செஞ்ச உதவிக்கு ஆயுசு பூரா நன்றியோட இருங்க, அந்தப் பணத்த கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுங்க, ஆனா கையெழுத்தால அடைக்கற கடன் இல்ல அது.

அப்பறம் கலர் எடுத்துட்டுத்தான் விடறோம்ங்கற பேச்சு. உங்களுக்கே தெரியும், பனியன் துணில சாயம் ஏறோணும்னா உப்பு போடோணும், கலர் போயி தண்ணி தெளிவாத் தெரிஞ்சாலும் அந்த உப்பு அதுலயேதான் கரைஞ்சு கெடக்கும், ஆர்.ஓ. ஃபில்டர்ல தண்ணியப் பிரிச்சு மிச்சத்த காய்ச்சி எடுத்தாத்தான் உப்பு தனியா வரும். அந்தக் காய்ச்சற செலவத்தான ராத்திரி ஓடைல விட்டு மிச்சம் பண்றாங்க? வெள்ளியங்கிரில பொறந்து வர்ற நொய்யல் ஆத்துக்கு குறுக்க பாசனத்துக்குன்னு 1992ல ஒரத்துப்பாளையம் டேம் கட்டி, அது சாயத்தண்ணித் தொட்டியா மாறி, கீழ இருக்கறவங்க காட்டுக்கும் கெணத்துக்கும் உப்பேறி, அவங்க கோர்ட்டு வாசல்ல நின்னு, கடைசில 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னப்ப திருப்பூரே எப்படிக் கெடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லோணும்னு இல்ல. பிறனை நேசிங்கறப்ப அந்தப் பிறன் நொய்யல் கரைல கொடுமணல் பக்கம் தென்ன வெச்சிருக்கற விவசாயியும்தானுங்களே.

இனி எப்படி சொல்றதுன்னு. தானியேல் 1:8 எடுத்து மெதுவா வாசிங்க. பாபிலோனுக்கு சிறையாப் போன தானியேல், ராஜாவோட சாப்பாட்டால தீட்டுப்பட மாட்டேன்னு மொதல்ல மனசுல முடிவு பண்ணிக்கறாரு, அப்பறம்தான் போயி பிரதானிகிட்ட கேக்கறாரு, அந்த மனுசன் ராஜாவுக்குப் பயப்படறான்னு தெரிஞ்சும் அவன்கிட்ட சண்டைக்குப் போகல, மேல்விசாரிப்புக்காரன்கிட்ட மரக்கறியும் தண்ணியும் கொடுத்து பத்து நாள் சோதிச்சுப் பாருங்கன்னு தணிவாத்தான் சொல்றாரு. நீங்களும் பகல்ல, யாரும் இல்லாதப்ப ஓனரப் பாத்து, "நான் இனி வால்வ தொறக்க மாட்டேனுங்க, மீட்டர்ல இருக்கற நெச ரீடிங்கத்தான் எழுதுவேன், மத்த எந்த வேலை சொன்னாலும் செய்யறேனுங்க"ன்னு சொல்லிப் போடுங்க. நாலு பேர் முன்னால அவர சிறுமைப்படுத்த வேண்டாம்.

வேலை போலாம். போனா மூணே மாசத்துல டபுள் சம்பளம் கெடைக்கும், இது கர்த்தரோட வாக்குன்னு சொல்றவங்க இருப்பாங்க, நான் சொல்ல மாட்டேன். தானியேல் 3ல ராஜா வெச்ச செலைய வணங்கலைன்னு எரியற சூளைக்கு முன்னால நின்ன அந்த மூணு பேரும், கர்த்தர் விடுவிக்காமற்போனாலும் நாங்க வணங்க மாட்டோம்னுதான் சொன்னாங்க.

அதனாலதான் ஓனருக்கு முந்தி வீட்டுல பேசோணும்ங்கறேன். அம்மணி அழுகறத அவிசுவாசம்னு நெனைச்சுராதீங்க, மாசா மாசம் அடுப்பெரிய வெக்கறது அவங்கதான். பாஸ்புக், லோன் பேப்பர் எல்லாத்தையும் முன்னால வெச்சு, சம்பளம் நின்னா எத்தன இஎம்ஐ தாங்கும், எந்த நகைய வெக்கலாம்னு ரெண்டு பேரும் சேந்து கணக்குப் போடுங்க, போட்டு முடிச்சு சேந்து ஜெபம் பண்ணுங்க. சீட்டு எழுதச் சொன்ன அண்ணன்கிட்டயும் ஆயர்கிட்டயும் விசயத்த ஒளிக்காம சொல்லி, வேலை போனா சபை ரெண்டு மாசம் தாங்குமான்னு கேளுங்க, அப்போஸ்தலர் 4ல சபை, இருக்கறத இல்லாதவங்களோட பகுந்துக்கிட்டு அப்படித்தான் இருந்துச்சு, கேக்கறதுல வெக்கமே இல்லைங்க. பிளாண்ட் வேலை தெரிஞ்ச ஆளுங்க ஈரோடு, பெருந்துறை பக்கம் தேவைப்படறதுண்டு, உங்க பயோடேட்டாவ எனக்கு அனுப்பி வெய்யுங்க, தெரிஞ்சவங்ககிட்ட நானே கொடுக்கறேன்.