வங்கதேசக் கடலோரம்: புயல், உப்பு நீர், பெண்கள் – கேள்வி பதில்

காலநிலை மாற்றத்தை ஊர் மக்களே எதிர்கொள்ளும் முயற்சிகளில் பெண்களின் இடம் என்ன? வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (திருச்சி மாணவி): புயல் ஆண், பெண் என்று பார்த்தா அடிக்கிறது, அம்மா?

பதில்: கணக்கைப் பாருங்கள் மகளே. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கடலோரத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுக்குள் ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் மாண்டார்கள். ஆண்களில் 15 பேர். எச்சரிக்கை கடைத்தெருவில் ஆண்களின் காதில் விழுந்தது. வீட்டிலிருந்தவள், கணவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றும் புடவை, நீச்சலும் தெரியாது. புகலிடத்தில் அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் இரவைக் கழிக்க அஞ்சிக் கிளம்பாமலே இருந்தவர்களும் உண்டு.

கேள்வி (கடலூர் வாசகர்): சுனாமியிலும் எங்கள் பக்கம் இப்படித்தானே நடந்தது?

பதில்: ஆம். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட விவரப்படி, கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் படகில் இருந்தார்கள். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். சுனாமி காலநிலை மாற்றத்தால் வருவதல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான்.

கேள்வி (மதுரை ஆசிரியர்): பிறகு என்ன மாறியது?

பதில்: வங்கதேச அரசும் செம்பிறைச் சங்கமும் (செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அங்கே அந்தப் பெயர்) சேர்ந்து நடத்தும் புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம் 1970களிலிருந்தே இருக்கிறது. அதில் இப்போது சுமார் 76,000 தொண்டர்கள். பாதிப் பேர் பெண்கள். ஒலிபெருக்கியோடு வரும் பெண்ணால் வீட்டின் உள்ளறைவரை போய்ச் சொல்ல முடியும். 2007 சித்ர் புயலில் பலி சுமார் 3,400. பலி இப்படிக் குறைந்ததில் புகலிடங்களுக்கும் வானிலைக் கணிப்புக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் செய்தி அடுக்களைவரை போய்ச் சேராவிட்டால் கட்டடம் மட்டும் என்ன செய்யும்?

கேள்வி (தொண்டு நிறுவன ஊழியர்): எங்கள் குழுக்களில் பாதிப் பேர் பெண்கள்தான். அது போதாதா?

பதில்: போதாது. கூட்டம் எத்தனை மணிக்கு? சமையல் நேரத்தில் கூட்டிவிட்டு வருகைப் பதிவேட்டை மட்டும் காட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வங்கதேசத்தின் குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. குடிநீருக்காக நெடுந்தூரம் நடப்பவர்கள் பெண்களும் சிறுமிகளும். குல்னாவின் தாகோப் பகுதியில் கர்ப்பிணிகளின் உயர் ரத்த அழுத்தத்துக்கும் உப்புக் குடிநீருக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே மழைநீர்த் தொட்டி வைப்பது நல்ல வேலை. ஆனால் தொட்டியைக் கழுவும் பொறுப்பைக் கூலியில்லாமல் பெண்ணிடம் தந்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை அவள் கணவனிடம் தந்தால் அவளுக்கு ஒரு சுமை கூடியதுதான் மிச்சம். நண்டு வளர்க்கப் பயிற்சி தருகிறீர்கள். குளம் யார் பெயரில் இருக்கிறது? பட்டா ஆணிடம் இருந்தால் கடனும் இழப்பீடும் அவனுக்கே போகும். குத்தகை ஒப்பந்தத்தையாவது பெண்கள் குழுவின் பெயரில் எழுதுங்கள்.

கேள்வி (நாகை இளைஞர்): அப்படியானால் ஆண்களை ஒதுக்கிவிடுவதா?

பதில்: இல்லை தம்பி. தண்ணீர்க் குடத்தை அவர்களும் தூக்கட்டும்.

கேள்வி (ராமநாதபுரம் ஊராட்சி உறுப்பினர்): எங்கள் ஊர்ப் புகலிடத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்; ஒரு சாவியாவது ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, வழியில் விளக்கு எரிகிறதா, கர்ப்பிணியால் அந்தப் படியில் ஏற முடியுமா என்று பாருங்கள். ஆடு மாடுகளுக்கு மேட்டிடம் ஒதுக்குங்கள். அவற்றை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள் அதிகம்.