சோறு எது, தொட்டுக்கொள்ள எது: கினிப்பன்றித் தீனி பற்றிக் கேட்டவர்களுக்கு

கினிப்பன்றிக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் நினைத்ததைவிட நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 11 ஆண்டாக இவற்றை வளர்க்கிறேன். இப்போது மூன்று இருக்கின்றன. தகுதி அவ்வளவுதான்.

ஈசூனிலிருந்து, புதிதாக வளர்ப்பவர்: அக்கா, பெல்லட்தான் (பையில் விற்கும் குச்சித் தீனி) முக்கிய உணவு, வைக்கோல் சும்மா படுக்கைக்கு என்று கடையில் சொன்னார்கள். சரியா?

அப்படியே தலைகீழ். நம் வீட்டுச் சாப்பாட்டு இலையை நினைத்துக்கொள்ளுங்கள். உலர்புல்தான் சோறு. கீரையும் காயும் கறி. பெல்லட் அப்பளம். பழம் பாயசம். அப்பளத்தையே நொறுக்கிவிட்டு எழுந்துபோகும் பிள்ளையை நாம் விடுவோமா?

அளவாகச் சொன்னால், தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும். அதற்குக் கணக்கே கிடையாது, 24 மணி நேரமும் கூண்டில் நிறைந்திருக்க வேண்டும். கீரை, காய் நாளைக்கு ஒரு கப். பெல்லட் ஒரு மேசைக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், கினிப்பன்றிக்கு 20 பற்கள். முன்பல் மட்டுமில்லை, கடைவாய்ப் பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நீளமான புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கும்போதுதான் அவை தேயும். பெல்லட் இரண்டு கடியில் தூளாகிவிடும், பல்லுக்கு வேலையே இல்லை. குடலும் அப்படித்தான். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது நகரும்.

இன்னொன்று. தமிழில் பேசும்போது எல்லாவற்றையும் வைக்கோல் என்று சொல்லிவிடுகிறோம். வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள், அதில் சத்து அதிகம் இல்லை. நமக்கு வேண்டியது பச்சையாக அறுத்துக் காயவைத்த புல். பையில் திமோதி அல்லது ஆர்ச்சர்ட் புல் என்று போட்டிருக்கும். நிறம் பச்சையாக, வாசனை தேயிலை டப்பாவைத் திறந்ததுபோல இருந்தால் நல்ல புல். மஞ்சளாகத் தாள்தாளாக இருந்தால் அதைப் படுக்கைக்குப் போடுங்கள்.

செங்காங்: நேற்று இரவிலிருந்து எதையும் தொடவில்லை. புழுக்கையும் குறைந்துவிட்டது. சனிக்கிழமை வரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். இதைப் படித்தவுடன் முயல், கினிப்பன்றி பார்க்கும் மருத்துவருக்குப் போன் போடுங்கள். எல்லா நாய், பூனை மருத்துவரும் இவற்றைப் பார்ப்பதில்லை, அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாய் ஒருநாள் பட்டினி கிடந்தால் தாங்கும். இதற்கு அரைநாள் வயிறு காலியாக இருந்தாலே குடல் நின்றுபோகும், வாயு கட்டும். வாந்தி எடுத்துச் சரிசெய்துகொள்ளவும் இதனால் முடியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலினைக் கரைத்து ஊட்டிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கூடவே அதுவும் செத்துவிடும். போய்விட்டு வந்து என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

பலர் கேட்டது: வைட்டமின் சி தனியாகக் கொடுக்க வேண்டுமா? தண்ணீரில் விடும் சொட்டு மருந்து நல்லதா?

மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாது. எலி செய்யும், முயல் செய்யும், இது செய்யாது. முயல் பெல்லட் வாங்கிப் போடக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம், அதில் சி சேர்த்திருக்க மாட்டார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும்.

என் முதல் கினிப்பன்றிக்குச் சுண்டல் என்று பெயர். சலுகை விலையில் கிடைத்ததென்று பெரிய மூட்டையாகப் பெல்லட் வாங்கி, ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்து, ஏழு மாதம் ஓட்டினேன். பெல்லட்டில்தான் சி இருக்கிறதே என்று காயெல்லாம் எப்போதாவதுதான். ஒருநாள் காலையில் அது வழக்கமாக ஏறும் செங்கல்மீது ஏறவில்லை. மறுநாள் தூக்கினால் கத்தியது. முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது. முடியெல்லாம் சிலும்பிப்போய், மழையில் நனைந்த துடைப்பம் மாதிரி. மருத்துவர் வாயைத் திறந்து ஈறைப் பார்த்துவிட்டு ஸ்கர்வி என்றார். பழைய காலத்தில் கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்த நோய், புக்கிட் பாத்தோக்கில் பத்தாவது மாடியில். நல்ல வேளை, மருந்தாகச் சி ஊட்டியதும் ஒரு வாரத்தில் நடமாடத் தொடங்கியது.

மூட்டையில் அச்சடித்திருந்த அளவு பொய்யில்லை. ஆனால் பெல்லட்டில் கலந்த வைட்டமின் சி, ஆலையிலிருந்து வந்து மூன்று மாதத்துக்குள் பாதியாவது போய்விடும். வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் அதற்கு எமன், நம் ஊரில் மூன்றுக்கும் குறைவில்லை. அதனால் சின்னப் பையாக வாங்குங்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள், இருட்டான இடத்தில் மூடி வையுங்கள்.

தண்ணீரில் விடும் சொட்டு மருந்து காசுக்குக் கேடு. சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையே சில குறைத்துக்கொள்ளும். சிவப்புக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 125 மில்லிகிராம் சி இருக்கிறது. விரல் அகலத்தில் ஒரு துண்டு, 20 கிராம் வரும், அன்றைய கணக்கு முடிந்தது. பச்சைக் குடைமிளகாயில் அதைவிடக் குறைவு, ஆனால் சர்க்கரையும் குறைவு. கொய்யாவில் குடைமிளகாயைவிடச் சி அதிகம், இனிப்பும் உண்டு, அதனால் வாரம் இரண்டு தரம் ஒரு சின்னக் கீற்று போதும். ஆரஞ்சைவிட இது மேல்.

உட்லண்ட்ஸ்: தேக்கா சந்தையில் கிடைக்கும் நம் கீரைகள் எதெல்லாம் போடலாம்? முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லதுதானே?

நமக்கு நல்லது. கினிப்பன்றி கால்சியத்தைக் கையாளும் விதம் வேறு. நம் உடம்பு தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் மலத்தில் தள்ளிவிடும். இது நிறைய உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அங்கேதான் கல் விழுகிறது. முருங்கை, அரைக்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, பாயம் (இங்கே விற்கும் முளைக்கீரை வகை), பாலக் எல்லாம் கால்சியமோ ஆக்சாலிக் அமிலமோ, இல்லை இரண்டுமோ நிறைந்தவை. எப்போதாவது நாலு இலை என்றால் பரவாயில்லை, தினப்படி வேண்டாம்.

தினமும் கொடுக்க நான் நம்புவது ரோமெய்ன் வகை லெட்டூஸ், குடைமிளகாய், கொஞ்சம் வெள்ளரி. உருண்டை லெட்டூஸ் வெறும் தண்ணீர். கொத்தமல்லியை வாரம் மூன்று நாள் கொடுப்பேன், வேரை வெட்டிவிட்டுத் தண்டோடு. காம்பு உள்ளே போவது மல்யுத்தம் மாதிரி இருக்கும், பார்க்க வேண்டும். கங்கோங் (வள்ளைக்கீரை), சாய் சிம் (சீனக் கடுகுக்கீரை) அவ்வப்போது. கைலான், முட்டைக்கோஸ் வகையறா கொஞ்சமாக, சிலதுக்கு வயிறு உப்பும். கேரட் நாம் நினைப்பதைவிட இனிப்பு, வட்டமாக ஒரு துண்டு போதும்.

அறவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, குச்சாய் (பூண்டு வாசனையுள்ள சீன வெங்காயத்தாள்), உருளைக்கிழங்கு, அவகாடோ, சாக்லேட். சந்தையில் வாங்கியது எதுவானாலும் நன்றாக அலசி, நீரை உதறிவிட்டுப் போடுங்கள்.

சிறுநீர் காய்ந்த இடத்தில் லேசாக வெள்ளைப் பொடி இருப்பது வழக்கம்தான். மணல் மாதிரி நறநறத்தாலோ, இரத்தம் தெரிந்தாலோ, போகும்போது கத்தினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

தோ பாயோவிலிருந்து ஒரு பாட்டி: பேரன் வாங்கி வந்து என் தலையில் கட்டிவிட்டான். இட்லி வைத்தால் ஆசையாகத் தின்கிறது. ஒரு துண்டு கொடுத்தால் தப்பா?

அம்மா, அது ஆசையாகத்தான் தின்னும். பிளாஸ்டிக் பையைக்கூட ஆசையாகக் கடிக்கும். இட்லி, சோறு, ரொட்டி, முறுக்கு எல்லாம் மாவுச்சத்து. அதன் குடலில் புளித்து வாயுவாகும். வாழைப்பழமும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பத்து நாளைக்கொரு தரம் கொடுங்கள். உங்கள் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் நாலு கொத்தமல்லித் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். ஓடிவந்து மடியில் ஏறும்.

ஜூரோங் வெஸ்ட்: வாங்கிய புல் இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. புளோக்குக்குக் கீழே நல்ல புல் வளர்கிறது, அதைப் பறித்துப் போடலாமா?

கீழே இருக்கும் புல் வேண்டாம். அங்கே நாய் சிறுநீர் கழித்திருக்கும், கொசுவுக்குப் புகை அடித்திருப்பார்கள், புல்வெட்டும் இயந்திரம் நசுக்கிப் போட்ட புல்லோ சீக்கிரம் புளித்துவிடும். பூங்காவில் செடியையோ இலையையோ பறிப்பது சட்டப்படியும் தப்பு.

பச்சைப்புல் கொடுக்க ஆசையாக இருந்தால் அருகம்புல் இருக்கிறதே. தேக்காவில் பூக்கடைகளில் பிள்ளையாருக்கென்று கட்டாக விற்பதை வாங்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். என் வீட்டில் பிள்ளையாருக்குப் பாதி, இவற்றுக்குப் பாதி. முதல் நாளே அள்ளிப் போடாமல் ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள்.

பூசணத்துக்கு வருவோம். இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். மூடிய பிளாஸ்டிக் பைக்குள் அந்த ஈரம் போய் மாட்டிக்கொண்டால் புல் வியர்க்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அட்டைப்பெட்டியிலோ பருத்தித் துணிப்பையிலோ எடுத்து வைத்து, மற்றதைக் காற்று புகாமல் கட்டி அலமாரியில் வையுங்கள். சமையலறை, குளியலறைப் பக்கமே வேண்டாம். புழுங்கிய வாடை வந்தாலோ உதறும்போது தூசி பறந்தாலோ முழுப்பையையும் தூக்கிப் போடுங்கள். தேறியதைப் பொறுக்கிப் போடும் சிக்கனம் இதில் ஆகாது.

பொங்கோல்: மதியத்தில் எதுவும் தின்னாமல் நீட்டிப் படுத்துக்கொள்கிறது.

சூடு. இதன் பூர்வீகம் ஆண்டிஸ் மலை, அங்கே குளிர். 18 முதல் 24 டிகிரிதான் சுகம், 27-ஐத் தாண்டினால் தவிக்கும். நமக்கு மதியம் 32. சன்னலோரத்திலிருந்து கூண்டை நகர்த்துங்கள், தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துத் துணியில் சுற்றி மூலையில் வையுங்கள். குடிக்கும் போத்தலின் குழாய் நுனியில் உள்ள குண்டு அடைத்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை.

பாசிர் ரிஸ்: தன் புழுக்கையைத் தானே தின்கிறது! சத்துக் குறைபாடா?

இல்லை. இரண்டு வகைப் புழுக்கை போடும். மென்மையானதில் பி வைட்டமின்களும் புரதமும் இருக்கும், அதை நேராகப் பின்பக்கத்திலிருந்தே எடுத்துத் தின்னும். பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

தெம்பனிஸ், ஆறாம் வகுப்பு மாணவர்: உலர்புல்லைத் தின்னவே மாட்டேன் என்கிறது. நான் ஃபிரிட்ஜைத் திறந்தாலே வீக் வீக் என்று கத்துகிறது.

தம்பி, அது உன்னைப் பழக்கிவிட்டது. கத்தினால் குடைமிளகாய் வரும் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. கீரையை நேரம் வைத்துக் கொடு, காலையில் பாதி, மாலையில் பாதி. கத்தும்போது கொடுக்காதே. பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு மேசைக்கரண்டிக்குக் கொண்டு வா. புல்லைக் காலி டிஷ்யூ சுருளுக்குள் திணித்து வை, கொத்தமல்லி இரண்டு இழையை நடுவில் ஒளித்து வை. தேடும்போது புல்லும் வாய்க்குள் போகும். ஒரே புல் பிடிக்காவிட்டால் வேறு வகை வாங்கச் சொல்லு. பட்டினி போட்டு மட்டும் பழக்காதே.

பிடோக்: இரண்டும் பெண் என்று வாங்கினோம். ஒன்று உருண்டுவிட்டது.

வாழ்த்துகள்! சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் குதிரைமசால் உலர்புல், அதாவது அல்ஃபால்ஃபா, வழக்கமான புல்லோடு கலந்து கொடுக்கலாம். கால்சியமும் புரதமும் அப்போது தேவை. வைட்டமின் சி-யும் கூடுதலாக வேண்டும். குட்டிகளுக்கும் ஆறு மாதம்வரை அல்ஃபால்ஃபா நல்லது, அதன் பிறகு அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதே கல் பிரச்சினை. குட்டிகள் கண் திறந்து, பல்லோடு பிறக்கும். முதல் நாளே புல்லைக் கொறிக்கும். ஆணை இன்றைக்கே பிரித்து வையுங்கள், பெற்ற சில மணி நேரத்தில் தாய் மறுபடி சினையாகும்.

மறுபடியும் செங்காங்: அன்றைக்கே போனோம், அக்கா. கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கின்மேல் பாலம் மாதிரி கிடந்ததாம். மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட்டார்கள். தீனிப் பொடியைக் கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டுகிறோம். இனி எப்படிக் கவனிப்பது?

அப்பாடா. இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எடை போடுங்கள். மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு போதும். அதன்மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, உள்ளே ஒரு துணி விரித்து இறக்கிவிடுங்கள். ஒரு லெட்டூஸ் இலையைப் போட்டால் ஆடாமல் நிற்கும், இலையைச் சேர்த்து நிறுத்துவிடாதீர்கள். இப்போதைக்குத் தினமும், ஒரே நேரத்தில். பிறகு வாரம் ஒருமுறை. நாள்காட்டியிலேயே எழுதி வையுங்கள். வளர்ந்தது 700 கிராமிலிருந்து 1,200 வரை இருக்கும். பத்து இருபது கிராம் ஏறி இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே வாரத்தில் 50 கிராம் இறங்கினால் மறுபடி கிளம்புங்கள்.

ஊட்டும்போது தலையை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள். வாயின் பக்கவாட்டில் சிரிஞ்சை வைத்து, அரை மில்லிலிட்டர் விட்டு, மென்று விழுங்கும்வரை பொறுத்து, அடுத்தது. புல்லை எப்போதும் கண்முன்னே வைத்திருங்கள். வாய்வலி குறைந்ததும் முதலில் மெல்லிய இலைப்பகுதியைத்தான் தேடும். காம்பைக் கடித்து அரைக்கும் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.